இரண்டிலிருந்து மூன்றுக்கு

9 ஜூன், திங்கள்

காலை 5.50. இலை அசையவில்லை. வண்டியின் உறையைக் கழற்றி, உள்ளே கிடந்த மிதியடியைத் தட்டிப் போட்டு, துவரிமான் தாண்டி நாலுவழிச் சாலை வரை. நாற்பது நிமிடம்.

இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு 20 முறை. கரகரப்பு 8. குலுக்கல் 13. இரண்டும் சேர்ந்தே 5. சத்தமில்லாமல் விழுந்தது 4. அதிலும் ஒன்று சந்தேகம்.

திரும்பும்போது கோச்சடை முக்கில் ஒரு ஆட்டோக்காரர் ஒட்டி வந்து, “யக்கா, கியரு போடுறீகளா, தேங்கா துருவுறீகளா?” பின்னால் இருந்த அம்மாளும் சேர்ந்து சிரித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். ஏ.சி. போட மறந்து வேர்த்துக் கொட்டியது.

இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகப் போவது. புள்ளியியல் வாத்தியாரம்மாவுக்கு எதற்கு இது என்று தெருவே பார்க்கிறது. வாங்கியது இவர். மூன்று வருடம் முன்பு, செகண்ட் ஹேண்டில், என்னைக் கேட்காமல். ஒன்றரை மாதம் நான் பேசவில்லை.

அக்டோபரில் பக்கவாதம். பேச்சு வந்துவிட்டது, கையும் பரவாயில்லை. இடது கால்தான். கிளட்சை மிதிக்காது. எட்டு மாதமாக ஆஸ்பத்திரி தவிர எங்கும் வரவில்லை. அதுவும் டாக்சியில்.

நேற்று மதியம் சாப்பிடும்போது சொன்னார்: அடுத்த ஞாயிறு சாயங்காலம் திருநெல்வேலியிலிருந்து தம்பி வந்து வண்டியை எடுத்துக்கொள்ளட்டும். நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். யோசிக்காமல் வந்த வார்த்தை.

“நீயா? சரி. ஞாயித்துக்கெழம காலைல கண்ண மூடிக்கிட்டு உக்காருறேன். எப்ப கியர் மாத்துனேன்னு எனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா வண்டி தம்பிக்கு.”

ஒப்புக்கொண்டேன்.

10 ஜூன், செவ்வாய்

கல்லூரி முடிந்து வில்லாபுரம். காஜா பாய் பட்டறை. வழியில் பழங்காநத்தம் சிக்னலில் வண்டி இரண்டு முறை அணைந்தது. பின்னால் பஸ். அந்த ஹாரன் இன்னும் காதில்.

பாய்க்கு இந்த வண்டி மேல் தனி மரியாதை. ஏறுவதற்கு முன் மிதியடியைத் தூக்கி வெளியே வைத்து, நாளிதழ் விரித்து, “கிரீஸ் காலு மேடம்” என்றபடி உட்கார்ந்தார். அவனியாபுரம் வரை போய் வந்தோம். ஒரு கரகரப்பு? கிடையாது. மூன்றாம் கியர் விழுந்ததை அவர் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“வண்டிக்கு ஒரு நோவும் இல்ல. ஆயில் நல்லா இருக்கு. கிளட்ச முழுசா மிதிக்கிறீங்களா? தரை தட்டணும்.”

“தட்டுதே.”

“அப்ப கைதான். முஷ்டியால பிடிக்காதீங்க, ரெண்டு விரலு போதும். நியூட்ரல்ல ஒரு மூச்சு நில்லுங்க, பெறகு தள்ளுங்க. பயப்படுறீங்க மேடம். பயந்த கையக் கண்டா கியரு பல்லக் கடிக்கும்.”

மிதியடியைத் தூசி தட்டி, இருந்தபடியே போட்டுக் கொடுத்தார்.

ஆக, கோளாறு வண்டியில் இல்லை. என்னிடம். ஒரு வகையில் நிம்மதி. பழுதான பாகத்தை மாற்ற முடியாது என்பதுதான் தொல்லை.

11 ஜூன், புதன்

புழுக்கம். பால் திரிந்துவிட்டது.

பிசியோதெரபி பெண் போகும்போது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி: “குனிஞ்சு கால் வெரலத் தொடச் சொன்னா சார் முடியலைங்கிறாங்க. முடியும் மேடம். மனசு வைக்க மாட்டேங்கிறாங்க.”

உள்ளே டி.வி. சத்தம் கூடியது. கேட்டிருப்பார்.

சமையலறையில் நின்றபோது உறைத்தது. கியர் மாறினால் இஞ்சின் சத்தம் இறங்கும். யார் மாற்றினாலும், எப்படி மாற்றினாலும். தெருமுனையில் திரும்பும் கார் எந்த வீட்டுக் கார் என்று கட்டிலில் படுத்தபடி சொல்லும் மனிதர் இவர். இவருக்குத் தெரியாமல் கியர் மாற்ற காஜா பாயாலும் ஆகாது.

யாரும் தேற முடியாத பரீட்சை. தெரிந்தேதான் வைத்திருக்கிறார். வண்டி போய்விட்டால் வெளியே வராமலிருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். பிறகு அந்தக் கட்டில்தான், அந்த டி.வி.தான்.

கேட்கலாம். கேட்கவில்லை.

12 ஜூன், வியாழன்

இதுவரை மாற்றிப் பார்த்தவை:
செருப்பு / ஷூ / வெறுங்கால்
சீட் முன்னால் இரண்டு படி, பின்னால் ஒரு படி
வண்டி சூடேறும் முன் / ஏறிய பின்
இரண்டு விரல் / உள்ளங்கை
நியூட்ரலில் ஒரு மூச்சு / இரண்டு

20க்குக் கரகரப்பு 7. திங்களன்று 8. என் மாணவி யாராவது இதை முன்னேற்றம் என்று எழுதினால் சிவப்பு மையால் அடிப்பேன்.

இடது முழங்கால் வலி. துணி எடுக்கவில்லை, தூறலில் நனைந்துவிட்டது.

14 ஜூன், சனி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. கரகரப்பு 9.

கொழுந்தனார் போனில்: “மதினி, நாளைக்கு நாலு மணி பஸ்ஸுல வாரேன். அண்ணன் நெசமாத்தான் சொல்றாகளா? பெறகு வருத்தப்படப் போறாக.” அண்ணனிடமே கேளுங்கள் என்று போனைக் கொடுத்தேன். “வாடா” என்ற ஒரு சொல்லோடு வைத்துவிட்டார்.

நாளைக்குச் சட்டை எது போட என்று கேட்டார். நீலச் சட்டை என்றேன். எட்டு மாதத்தில் முதல் முறை கேட்கிறார். இஸ்திரி போட்டு வைத்தேன். அதற்குப் பிறகு பயம் அதிகமாகிவிட்டது.

15 ஜூன், ஞாயிறு

காலை 6.15. வெயில் ஏறவில்லை. இவரை உள்ளே உட்கார வைக்கவே ஐந்து நிமிடம். அவ்வளவு தாழ்ந்த சீட். இடது காலைத் தானே இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கண்ணை மூடினார். ஒன்று. இரண்டு. மூன்றில் கரகரவென்று. மறுபடி. மறுபடி. துவரிமான் தாண்டியதும் “நிறுத்து” என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். வாழைத்தோப்பு ஓரம் நிறுத்தினேன். கண் திறந்திருந்தது. பார்த்தது என்னை இல்லை, என் காலை.

“மிதி.”

மிதித்தேன்.

“முழுசா.”

“முழுசாத்தான்.”

“அது தரையா?”

சீட் பெல்ட்டைக் கழற்றினார். என் முழங்காலைத் தள்ளிவிட்டு, மூச்சு வாங்க, பெடல் வரைக்கும் குனிந்தார். வலது கையால் ஒரே இழுப்பு. தேங்காய் நார் மிதியடி. நவம்பரில் கீழமாசி வீதியில் நான் வாங்கியது, அவர் விரிப்பு அழுக்காகாமலிருக்க விரிப்புக்கு மேல் போட்டது. நழுவி ஏறி, கிளட்சுக்கு அடியில் மடங்கிக் கிடந்திருக்கிறது. எங்கள் வீட்டில் சோபாவுக்கு உறை, அந்த உறைக்கு ஒரு உறை. எனக்கு அது தோன்றவே இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்று அதுதான்.

“யாரு போட்டா இத?”

“வண்டி பாழாகக் கூடாதுன்னு...”

“நிக்கிற வண்டிக்கா?”

ஜன்னலை இறக்கி வெளியே வீசினார். நல்ல மிதியடி. கதவைத் திறக்கப் போனேன். “எடுத்தீன்னா நடந்துதான் வரணும்.”

“தேங்காதான் துருவியிருக்கேன்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆட்டோக்காரர் சொன்னதைச் சொன்னேன். தும்மல் போல ஒரு சிரிப்பு. சீட் பெல்ட்டை மாட்டி, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு. கிளட்ச் இறங்கியது. படிக்கட்டில் இல்லையென்று நினைத்த படி ஒன்று காலுக்குக் கிடைத்தது போல, இன்னும் கீழே. நியூட்ரலில் ஒரு மூச்சு. இரண்டு விரல். மூன்று. இஞ்சின் சத்தம் இறங்கியது, செவிடருக்கும் கேட்கும்படி. பிறகு நான்கு. மறுபடி இறங்கியது.

கண்ணைத் திறக்காமலே கேட்டார், “எப்பதான் கியர் மாத்தப் போற?”

பொய். எட்டு மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் பொய்.

“இந்தா, மாத்தப் போறேன்” என்றேன். நான்காம் கியரில், அறுபதில்.

சாயங்காலம் கொழுந்தனார் வந்தார். தோசை தின்றார். வந்தபடியே பஸ்ஸில் திரும்பினார்.

16 ஜூன், திங்கள்

5.40. லேசாக மேகம். காபிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். வாசலில் ஹாரன், இரண்டு முறை. கட்டிலில் ஆளில்லை. ஊன்றுகோலும் இல்லை. அடுப்பை அணைத்தேன்.