இவர் வெளிக்கிட்ட அன்று முழுகினது

மாசி, வெள்ளிக்கிழமை

விடிய இவர் கரடியனாற்று வயலுக்கு வேளாண்மை வெட்டப் போனார். நான் ஊறவைத்த வெந்தயத்தைச் செவ்வரத்தை இலையோடு அரைத்து, தேசிக்காய் பிழிந்தேன். ஆள் பயணம் போன அன்று வீட்டில் தலை முழுகினால், அது செத்த வீட்டு முழுக்குப் போலாகிவிடும் என்பார்கள்.

“அவன் வந்து சேரட்டும் புள்ள, மறுகா முழுகு” என்றார் மாமி.

“நாளைக்குப் புளிச்சிடும் மாமி” என்று சொல்லி முழுகிவிட்டேன்.

ஒரு கோப்பை அரைப்பு. கொட்டியிருக்கலாம்.

பின்னேரம் திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் எல்லோரையும் வண்டியால் இறக்கினார்களாம். கூடப்போன மூவரும் வந்துவிட்டார்கள். இவரை மட்டும் மறித்து வைத்திருக்கிறார்களாம்.

மாமி ஏசவில்லை. துவாயை எடுத்துவந்து என் தலையைத் துவட்டத் தொடங்கினார். முடி மத்தியானமே காய்ந்துவிட்டது. ஆனாலும் வெகுநேரம் துவட்டிக்கொண்டே இருந்தார்.