வெள்ளை அறைகள்

தம்பிக்கு,

உன் கணையத்திலிருந்து எடுத்த சதைத்துணுக்கு இன்று என் நுண்ணோக்கிக்கு வந்தது. "கணையத்துப் புற்றுதான் மேடம்" என்றார் உன் டாக்டர்.

எனக்கென்னவோ முன்பே நடமாடிய வீடு மாதிரி இருந்தது. இளஞ்சிவப்பு வெளிச்சத்தில், ஆளில்லாத வெள்ளை அறைகள் போல செல்கள். பதினோரு வருஷத்துக்கு முன் புற்றுக்காக எடுத்த உன் சிறுநீரகத்தின் ஸ்லைடைத் தேடிப் பக்கத்தில் வைத்தேன். அதே அறைகள்.

அப்படியென்றால் இது கணையத்தில் பிறந்ததில்லை. அந்தப் பழையதுதான், இத்தனை காலம் மெல்ல நடந்து வந்திருக்கிறது. கணையத்துப் புற்று மாதிரியில்லை, இதற்கு மருந்து இருக்கிறதடா.

"இனி திரும்பி வராது" என்று அன்று அடித்துச் சொன்னவள் நான். அந்த வாரம்தான் நம் பேச்சும் நின்றது. எதற்கென்று உனக்கே தெரியும், இங்கே எழுதவில்லை.

ஞாயிறு வருகிறேன். திட்டுவதானால் உள்ளே உட்காரவைத்துத் திட்டு.

அக்கா