மாடிக் கொடியில் காய்ந்த துணி

இன்று காலை என் மகள் தன் தீட்டுத் துணியை ஈரத்தோடு விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டிருந்தாள். நான் அப்படிச் சொல்லித்தந்ததே இல்லை. அந்தப் புழுக்க வாடை மூக்கில் ஏறியதும், நீ போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டதையும் மறந்து உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன்.

நமக்கு அப்போது பதினான்கு வயது. ஒரே வகுப்பு. அந்தத் துணியை ஆண்கள் பார்க்கக் கூடாது, பாம்பு தாண்டினால் பிள்ளையே பிறக்காது என்பாள் அம்மா. அதனால் மாட்டுக் கொட்டகையில் கோணிக்கு அடியில் போட்டுவைப்பேன். அது எங்கே காயும்? அரை ஈரத்தோடு கட்டிக்கொண்டு சிம்மக்கல்லிலிருந்து பள்ளிக்கு நடப்பேன். தொடையெல்லாம் புண். புண்ணைப் பார்க்காமலே நடப்பதால் வந்த சூடு என்று முடிவுகட்டி, அந்த மாதத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தப்போவதாக அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு வேறு பயம். உடம்பே கெட்டுப்போயிற்று, இனி பிள்ளை பிறக்காது என்று உள்ளுக்குள்ளேயே குமைந்தேன்.

என் நடையைப் பார்த்து நீதான் கேட்டாய்: "ஏண்டி, காயாத துணியவா கட்டிக்கிட்டு வாரே?"

என் துணிகளை வாங்கிப் போய்க் கொதிக்கவைத்து, தெருவைப் பார்த்த உங்கள் மாடியில், உன் அப்பாவின் வேட்டிக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டாய். "தெருவுல போறவக பாப்பாகடி" என்று நான் கெஞ்சினேன். "பாக்கட்டும்" என்றாய்.

எனக்குத் துணிக்கென்று கிழித்துத் தந்த தன் பழைய சுங்குடிச் சேலையின் கரையை அந்தக் கொடியில் கண்ட அம்மா, விறுவிறுவென்று மாடியேறி வந்தாள். "பாம்பு தாண்டுனா யாருடி பதில் சொல்றது?"

"பாம்பு கொட்டகைக்குத்தான் வரும் அத்தே. அங்கனதான ஒளிக்கச் சொல்றீக? மொதல்ல ஒங்க மக தொடையப் பாருங்க, எம்புட்டுப் புண்ணுன்னு."

அம்மா பார்த்தாள். அதற்காக இளகிவிடவில்லை. உன்னோடு பேசவே கூடாது என்றாள். அடுத்த மாதம் எங்கள் மாடியில் நானே கயிறு கட்டினேன். அவள் அவிழ்த்தெறிந்தாள். மறுபடி கட்டினேன். மூன்று முறை நடந்தது இது. புண் ஆறியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பியபோது அவள் வாசலை மறிக்கவில்லை.

நீயோ புகுந்த வீட்டில் சன்னலில்லாத அறையில், அழுக்குத் துணியின் மேல் பிள்ளை பெற்று, ஜன்னி கண்டு போனாய். கொடியில் துணி போட்ட பாவம் என்றார்கள். வெயிலா உன்னைக் கொன்றது? அந்த இருட்டும் அழுக்கும்தான் கொன்றன. இதை எவர் முகத்துக்கு நேராகவும் சொல்வேன், சொல்லியிருக்கிறேன். என் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டியதும் இல்லை.

மகளின் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனேன். துணியை உதறி அவளையே கொடியில் போடச் சொன்னேன்.

"எதிர்வீட்டுல பாப்பாகம்மா."

"பாக்கட்டும்."

எதிர்வீட்டுச் சன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. பத்து மணிக்கெல்லாம் துணி காய்ந்துவிட்டது. பொழுது சாயும்வரை நான் அதை எடுக்கவில்லை.