அம்மாவின் படம் யாருடையது

புதன்கிழமை, இரவு

சத்தமில்லாமல் எழுதுகிறேன். அம்மா விழித்துக்கொண்டால் என்ன எழுதுகிறாய் என்று கேட்பார்.

இன்று கணினிப் பாடத்தில் டீச்சர் பெரிய திரையைப் போட்டுப் பதிப்புரிமையைப் பற்றிச் சொன்னார். படம் எடுத்தவருக்குத்தான் சொந்தம். வகுப்பில் படிப்பதற்கு, அவர் பெயரைப் போட்டுப் பயன்படுத்தலாம். பெயரை அழித்து வெளியே அனுப்பினால் அது திருட்டு.

கல்வி வலயப் பள்ளிகளுக்கான போட்டிக்கு நான் செய்து அனுப்பிய ஸ்லைட்டில் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் படம் இருக்கிறது. மலைக்கு வந்த யாரோ வெள்ளைக்காரர் எடுத்து இணையத்தில் போட்டது. எங்கள் அம்மாதானே, எங்கள் படம்தானே என்று நினைத்தேன். படத்தின் மேல் போட்டிருந்த அவர் பெயர் அம்மாவின் கையை மறைத்தது. அதனால் போனிலேயே அழித்தேன்.

பக்கத்தில் இருந்த ரிஸானாவிடம் சொன்னேன்.

"அந்தாளு ஒங்கம்மாகிட்ட கேட்டுட்டா எடுத்தாரு? பேசாம இருடி."

டீச்சர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். "என்னங்கடி குசுகுசுன்னு? நாளைக்கு ஒங்க ஸ்லைட் படத்தையெல்லாம் இந்தத் திரையில போட்டு இணையத்துல தேடிப் பாப்போம். யாரு எடுத்ததுன்னு அதுவே காட்டிரும்."

எல்லாம் மாணவியின் சொந்தப் படைப்பு என்று போட்டிக்குக் கையெழுத்துப் போட்டவர் டீச்சர். என்னால் அவர் பெயரும் கெடும்.

காலையில் முதல் மணிக்கு முன்பே போய் டீச்சரிடம் சொல்லிவிடலாம். திட்டுவார், அடித்தாலும் பரவாயில்லை. ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாரிடமும் "எம்படம் போட்டிக்குப் போயிருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறார் அம்மா. அது உங்கள் படம் இல்லை அம்மா என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?