கால் இழந்த வினா

ஏழ்கழி நாட்டில் முறையும் வளமும் நிலைபெறுக. உப்பளங்கள் பூக்க, துறைகள் தெளிய, இறங்கிய கால்கள் எல்லாம் கரையேறுக.

மணற்கோட்டைத் திருமாளிகையில் வீற்றிருந்து ஏழு கழிக்கும் ஒரு குடையாய் விளங்கும் கோப்பெருமான் அலையேறு தேவர் திருவாய் மலர்ந்தருளியபடி, திருமந்திர ஓலைநாயகம் வேளூர்க் கிழவர் சீராளர் எழுதுவித்த ஓலை இது. வெள்ளறைப்பட்டினத்தின் அதிகாரியும் இரு துறைகளின் காவலருமாகிய ஏனாதி நீலகங்கர் கையில் சேர்வது. தங்கள் மனையும், தங்கள் ஆளுகைக்கு உட்பட்ட மன்றும் சந்தையும் நலமே சூழ்ந்திருக்க வாழ்த்துகிறோம்.

தங்கள் பட்டினத்து மன்றில் பெருங்கோதை என்பாள் கட்டிவரும் கயிற்றோலையால் பெருங்கேடு விளைந்ததென்றும், அவள் கயிற்றை அறுத்தெறிய ஆணை வேண்டுமென்றும் தாங்கள் விடுத்த முறையீடு திருமுன் வாசிக்கப்பட்டது. கயிறறுக்கும் ஆணையை எழுதிக் கையோடு எடுத்துச்சென்று, நேரில் விசாரித்த பின் கொடுக்கத் தக்கதாயின் கொடுக்குமாறு கோப்பெருமான் ஓலைநாயகத்தைப் பணித்தார். விசாரித்த எட்டு நாளும் தாங்கள் புதுக்குளத்துத் திறப்பு விழாப் பந்தலில் இருந்தமையால், நிகழ்ந்ததை முதலிலிருந்தே எழுதுவது முறையாயிற்று. பேசியவர் சொற்கள் சாட்சியாதலின், பேசியவாறே பொறிக்கப்பட்டுள்ளன. நடை குறித்துத் தாங்கள் முகம் சுளிக்க வேண்டா.

அரச இசைவு பெற்றவர் ஒவ்வோர் எட்டாம் நாளும் மன்றத் தூண்களுக்கிடையே கட்டிய கயிற்றில் தம் ஓலையைத் தொங்கவிடுவதும், ஒருவர் வாசிக்க ஊரார் சூழ நின்று கேட்பதும், கேட்டவர் தம் மறுமொழி ஓலைகளை அக்கயிற்றின் கீழேயே கட்டிச் செல்வதும் இந்நாட்டு வழக்கம். பெருங்கோதை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு பொருளை எழுதவே இசைவு பெற்றாள். வடதுறை, தென்துறை ஆகிய இரண்டில் இன்று எதில் வண்டி இறங்கலாம், எதில் சேறு விழுங்கும் என்பதே அப்பொருள். மூங்கிற்கோலோடு தானே நீரில் இறங்கி அளந்து எழுதினாள். உப்பு வணிகர் அவள் ஓலையைக் கேளாமல் மாட்டை அவிழ்ப்பதில்லை என்னும் நிலை வந்தது.

புகழ் வந்தபின் கேள்விகளும் வந்தன. நெத்திலி ஊறுகாய் ஏன் புளித்துப்போகிறது என்று ஒருத்தி கேட்க, அதையும் எழுதினாள். கோயில் யானை ஏன் மூன்று நாளாகக் கோபித்திருக்கிறது என்று மற்றொருவன் கேட்க, அதற்கும் ஓலை தொடங்கினாள். நாற்பது பேர் கட்டிய மறுமொழிகளும், அவளே பாதி எழுதி விட்ட ஓலைகளும், துறை அளவு குறித்த நறுக்குகளும் ஒரே கூடையில் கிடந்தன. காலையில் எழுந்தால் கோலைத் தேடிய கை, கூடையைத் தேடத் தொடங்கிற்று.

கேடு வந்த வழி இதுவே. வணிகர் ஒருவர் "வடதுறை இறங்கலாமா" என்று எழுதிக் கட்டிய மறுமொழி ஓலை, விடை எழுதுவதற்காக அக்கூடையின் மேலே வைக்கப்பட்டிருந்தது. எட்டாம் நாள் காலை ஊறுகாய் ஓலையை முடிக்கும் அவசரத்தில் இருந்த பெருங்கோதை, மேலே கிடந்த ஓலைகளை ஒரே அளவாக நறுக்கிக் கோக்கும்படி தன் நாத்தனார் வல்லிநங்கையிடம் சொன்னாள். நறுக்கிய கத்தி அவ்வினாவின் கடைசி எழுத்தான 'மா'வில் நின்ற காலைக் கொண்டுபோயிற்று. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று நாம் எவரும் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. படிப்பவரே இட்டுப் படிக்கிறோம். ஆகவே கால் போன எழுத்துக்கு மன்றில் வாசித்தவர் தம் மனத்தில் ஒரு புள்ளி வைத்து, "வடதுறை இறங்கலாம்" என்று உரக்க வாசித்தார். பெருங்கோதையின் ஓலையைப் பார்த்தே எழுதப் பழகியவர் பட்டினத்தில் பலர். அதனால் கையெழுத்தும் எவரையும் ஐயுறச் செய்யவில்லை.

அன்று முற்பகல் வண்டியோட்டி கடுவன் தன் உப்பு வண்டியை வடதுறையில் இறக்கினான். இரண்டு எருதுகள் சேற்றில் மூச்சடங்கின. அவன் முழங்கால் நுகத்தடியின் கீழ் அகப்பட்டு முறிந்தது.

ஓலைநாயகம் சென்று விசாரித்தபோது பெருங்கோதை எதையும் மறைக்கவில்லை. நறுக்கியவள் யார் என்று கேட்டதற்கு, "கத்தி அவ கையில இருந்துச்சு ஐயா, கண்ணு என்கிட்டதானே இருந்துச்சு. நான் பார்க்கலை. அவளை விட்டுடுங்க," என்றாள். அருகில் நின்ற வல்லிநங்கை, "அண்ணி எப்பவும் இப்படித்தான். ஊறுகாய் புளிச்சா மட்டும் நான்தான் காரணம்," என்றாள். அழுதபடியே சொன்னாள்.

கயிறறுக்கும் முன் எழுதியவருக்கு ஓர் எண்ணாள் தவணை தருவதும், எட்டாம் நாள் ஓலையைக் கேட்டபின் கேடுற்றவன் கையிலேயே கத்தியைக் கொடுத்து அறுக்கவோ விடவோ செய்வதும் முன்னோர் வகுத்த முறை. அம்முறைப்படி தவணை அளிக்கப்பட்டது. கயிறு போனால் பெருங்கோதைக்குப் போவது பெயர் மட்டுமன்று. ஒன்பது ஆண்டுகளில் அவள் அறிந்த கழியின் குணம் முழுதும் கேட்பாரற்றுப் போகும். அடுத்த மழைக்குள் வேறொருவர் அதைக் கற்பதும் இயலாது.

பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டு ஆசிரியராய் இருந்த பழக்கத்தால், ஓலைநாயகம் அவளுக்கு ஒரு கதை சொல்லிப் பார்த்தார். எந்தப் பக்கம் பகை வந்தாலும் தப்பலாம் என்று ஒரு நண்டு கரையில் ஏழு வளை தோண்டியது. அலை வந்த நாளில் எந்த வளைக்கு ஓடுவதென்று எண்ணியபடியே நின்று அடித்துக்கொண்டு போகப்பட்டது என்பது கதை. பெருங்கோதை பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்து, "நண்டுக்கு என்ன ஐயா. அதோட வளை வாசல்ல நாப்பது பேர் வந்து நின்னு, உங்க வளை ரொம்ப அழகா இருக்கு, எங்களுக்கும் ஒண்ணு தோண்டிக் குடுங்கன்னு கேக்கலையே," என்றாள். கதையில் அவ்விடம் விடுபட்டிருந்தது உண்மையே. அதன்பின் ஓலைநாயகம் கதை சொல்வதை நிறுத்திப் பார்க்க மட்டும் செய்தார்.

முதல் நாள் அவள் கூடையைக் கவிழ்த்தாள். தொடங்கி முடியாத ஓலைகள் மட்டும் முப்பத்தாறு இருந்தன. எதை வைப்பது, எதை விலக்குவது என்று தெரியாமல் அவள் அமர்ந்திருக்க, வல்லிநங்கை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டாள்: "இதைப் படிக்காட்டி யாராச்சும் சேத்துல இறங்கிடுவாங்களா?" இல்லை என்றால் அது பரணில் இருந்த பானைக்குப் போயிற்று. இருமல் மருந்து போயிற்று. புளியமரத்து வழக்குப் போயிற்று. யானையின் கோபத்தைப் பற்றிய ஓலையை மட்டும் பெருங்கோதை மடியில் வைத்துக்கொண்டு விடவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்றாள். "யானை இறங்கினா சேறுதான் பயப்படணும். குடுங்க அண்ணி," என்று வல்லிநங்கை வாங்கிப் பானையில் போட்டாள். முப்பத்தாறில் மிஞ்சியவை மூன்று.

மறுமொழிகளுக்கு வேறு கூடை வைத்தார்கள். அவற்றின் ஓரத்தைச் சாய்வாகக் கிள்ளி, தொட்ட மாத்திரத்தில் தெரியும்படி செய்தார்கள். எழுதும் ஓலைகளுக்கு அன்றுவரை முதலிலேயே துளையிட்டு வைப்பது வழக்கம். இனி ஒருத்தி எழுதியதை மற்றவள் வாய்விட்டுப் படித்த பின்னரே துளை என்றாயிற்று. துளையில்லாத ஓலையைக் கயிற்றில் கோக்க எவராலும் முடியாது. கோட்டைக் கருவூலத்தில் இத்தனை பூட்டுகள் இருந்தும் இவ்வளவு எளிய பூட்டு ஒன்று நம்மிடம் இல்லை என்று ஓலைநாயகம் எண்ணிக்கொண்டார்.

இரண்டாம் நாள் விடியலில் அவள் கோலோடு தென்துறைக்குச் சென்றாள்; அளந்த இடத்திலேயே, நீரில் நின்றபடியே அளவைக் குறித்தாள். எல்லாம் சீராகிவிட்டது என்று நினைத்தோம். ஆனால் மூன்றாம் நாள் காலையில் ஒரு மறுமொழி வந்தது. பெயரில்லாத அந்த ஓலையில் "மாட்டைக் கொன்ற எழுத்தாணி" என்ற மூன்று சொற்களே இருந்தன. பெருங்கோதை கோலைச் சுவரில் சாத்திவிட்டு விடை எழுத அமர்ந்தாள். ஒன்பது ஆண்டு உழைப்பை எடுத்துச் சொல்லி ஓர் ஓலை எழுதினாள்; அது பணிவாக இல்லை என்று கிழித்தாள். பணிவாக ஒன்று எழுதினாள். அது பொய்யாக இருக்கிறதென்று கிழித்தாள். ஆறாவது ஓலையை அவள் எடுத்தபோது வெயில் முற்றத்துக்கு வந்திருந்தது. கழியில் நீரேற்றம் தொடங்கி, அன்றைய அளவு கைநழுவிப் போயிருந்தது.

"அளந்தாச்சா அண்ணி?" என்று கேட்டாள் வல்லிநங்கை.

"இவனுக்கு ஒரு பதில் மட்டும் சொல்லிட்டு."

"அவன் வண்டி ஓட்டுறவனா?"

"தெரியலை."

"அப்ப அவனுக்குச் சேறு இல்லை. எழுத்தாணியைக் குடுங்க."

வல்லிநங்கை எழுத்தாணியை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். கழியில் அளவெடுக்கும் ஒரு நாழிகைக்கு மட்டும் அது திரும்பக் கிடைக்கும் என்றும், மறுமொழிக் கூடையைத் தொடுவது கரை திரும்பி ஓலையைப் படித்துக் காட்டிய பின்னரே என்றும் சொல்லிவிட்டாள். பெருங்கோதை சினந்தாள். நான்காம் நாள் விடியலில் அவள் கேட்டாள்; கொண்டையிலிருந்து எழுத்தாணி வந்தது. அதன்பின் ஓர் அளவும் தவறவில்லை.

எட்டாம் நாள் முற்பகல் மன்று நிரம்பியிருந்தது. பெருங்கோதை நெடிய விளக்கம் எழுதியிருப்பாள், அழுதிருப்பாள், யாரையாவது குற்றம் சொல்லியிருப்பாள் என்று கேட்க வந்தவர் பலர். கடுவனைக் கட்டிலோடு தூக்கி வந்து கயிற்றின் அருகில் வைத்தார்கள். கத்தி அவன் கையில் கொடுக்கப்பட்டது. ஓலை வாசிக்கப்பட்டது. அது முழுதும் இவ்வளவே:

"வடதுறை இறங்கலாகாது, இடுப்புவரை சேறு. தென்துறை முற்பகல் முழங்கால் நீர், பிற்பகல் இடுப்பு நீர். கோலிட்டு நானே அளந்தேன். சென்ற முறை வடதுறை இறங்கலாம் என வாசித்தது ஒருவர் கேட்ட வினா. அதை விடையாகத் தொங்கவிட்ட பிழை என்னுடையது. கடுவன் காலும் எருதுகளும் அதனால் போயின."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "இவ்வளவுதானா? ஊறுகாய் என்னாச்சு?" என்றான். சிலர் சிரித்தார்கள். பெருங்கோதை திரும்பிப் பார்க்கவில்லை. கத்தியைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடுவன் கயிற்றைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "முழங்கால் நீருன்னு போட்டிருக்கியே தங்கச்சி, யாரு முழங்காலு? உன்னுதா, என்னுதா? என்னுது இப்ப அளவுக்கு ஆகாது."

"மாட்டு முழங்கால் அண்ணே. அச்சு நனையாது."

"வண்டியில உப்பு முழுசா ஏத்தியிருந்தா?"

"முழுசா ஏத்தினாலும் நனையாது. வெயில் தலைக்கு வர்றதுக்குள்ள கரையேறிடணும். அதுக்கப்புறம் நான் சொல்ல மாட்டேன்."

அவன் நெடுநேரம் எண்ணினான். அவன் குடும்பத்தில் எஞ்சியிருந்தது மைத்துனனின் ஒரு வண்டியும் ஓர் இணை மாடும் மட்டுமே. அவ்வண்டி உப்பேற்றி மன்றின் வாயிலில் நின்றது. பின் கத்தியை மடக்கி ஓலைநாயகத்திடம் நீட்டினான். வாயிலை நோக்கி, "மச்சான், தென்துறைக்குத் திருப்பு. நின்னு வேடிக்கை பார்க்காதே, வெயில் ஏறுது," என்றான்.

வண்டி போயிற்று. மன்றிலிருந்த பாதிப் பேர் அதன் பின்னாலேயே கரைவரை சென்றார்கள். பெருங்கோதை முன்னால் சென்றாள். அச்சு நனையாமல் அது அக்கரை ஏறியதை ஓலைநாயகமும் கண்டார். எழுதிக் கொண்டுவந்த கயிறறுக்கும் ஆணை அங்கேயே, அனைவரும் காண, குறுக்கே கீறி நீக்கப்பட்டது.

இனித் தங்களுக்குரியது.

மறுமொழிக் கூடையைப் பிரித்துப் பார்த்ததில், நாற்பத்து மூன்று ஓலைகளுள் பதினொன்று நாரை முத்திரை தாங்கியிருந்தன. அது தங்கள் முத்திரை. புதுக்குளத்தின் படிக்கட்டைப் புகழ்ந்தும், தங்கள் புதிய பல்லக்கின் வேலைப்பாட்டை வியந்தும், திறப்பு விழா விருந்தின் வகைகளை விரித்தும் எழுதித் தருமாறு அவை கேட்டன. பட்டினத்து அதிகாரி கேட்டதை மறுக்க அஞ்சி, அளவெடுக்கும் காலைகள் பலவற்றில் அவள் எழுதியவை அவற்றின் விடைகளே. மேலும், வடதுறையில் சேற்றெல்லையைக் காட்ட நட்டிருந்த எச்சரிக்கைக் கோல்கள் கடுவன் இறங்கிய நாளிலேயே அங்கில்லை. அவை எங்கே என்று ஓலைநாயகம் தேடினார். தங்கள் விழாப் பந்தலைத் தாங்கி நிற்கின்றன. தாங்கள் தீங்கு நினைத்துச் செய்யவில்லை என்பதைக் கோப்பெருமான் அறிவார். பல வேலைகளை ஒரே கூடையில் போடுவது பெருங்கோதைக்கு மட்டும் நேர்ந்த பிழை அன்று என்றும் திருவாய் மலர்ந்தருளினார்.

ஆகவே ஆணை. பெருங்கோதையின் கயிறு நிற்பதாக. அதில் துறைகளின் நிலையன்றிப் பிறிதொன்றை எழுதுமாறு அவளை எவரும் ஏவாதிருப்பதாக. கடுவனுக்குத் தங்கள் தொழுவத்திலிருந்து இரண்டு எருதுகள், அவனே வந்து தெரிந்தெடுக்கத் தருவதாக. கால் தேறும்வரை அவன் கட்டிலைத் தூக்கத் தங்கள் ஆட்களே செல்வதாக. பந்தலைப் பிரித்து, அக்கோல்களை வடதுறையில் முன்னிருந்த இடத்திலேயே தாங்களே நின்று நட்டு முடிப்பதாக.

வெண்சங்கு முத்திரை இட்டு, கோப்பெருமான் திருமுன் வாசித்துக் காட்டி, துளையிட்டுக் கட்டியனுப்பப்பட்டது. இவ்வோலைக்கு மறுமொழி எழுத வேண்டா. மூன்றாம் நாள் காலை வடதுறைக் கரை வழியே வரும் தூதன் கோல்கள் நிற்பதைக் கண்டால், அதுவே தங்கள் மறுமொழியாகக் கொள்ளப்படும்.