பட்டாணியின் புகைப்படம்

அன்புள்ள அக்காவுக்கு, உன் அடங்காத தங்கை எழுதுவது.

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கத்தான் நினைத்தேன். முதல் நலத்தை அடித்துவிட்டேன். ஆவல் மட்டும் உண்மை. மாமாவையும் கேட்டதாகச் சொல்.

கடல் தாண்டி வேலை பார்க்கும் நீ பதறுவாய் என்று, இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாதென்று வீட்டில் தடை. போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து தொடையைக் கிள்ளுகிறாள். அதனால்தான் கடிதம்.

உன் மகளுக்கு மூன்று வாரமாக இழுப்பு. நீ கூப்பிடும்போதெல்லாம் பட்டாணி தூங்குகிறாள் என்று சொன்னோமே, தூங்கவில்லை. மூக்கில் மூடி மாட்டி மருந்துப் புகை இழுத்துக்கொண்டிருந்தாள். பயப்படாதே, இன்று பரவாயில்லை. நேற்று இல்லை.

டாக்டர், "வீட்டுல யாரு புகை பிடிக்கிறது?" என்று கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "எங்க பரம்பரையிலேயே எவனும் பீடியைத் தொட்டதில்ல டாக்டர்" என்றார். டாக்டர் அவர் சட்டைப் பக்கம் முகர்ந்து, "அப்போ இது என்ன சென்ட்?" என்றார்.

அது ரப்பர் சென்ட். பக்கத்துத் தெரு லாண்டரியில் அப்பா எரிக்கும் பாய்லரில் விறகு போய், இப்போது செருப்புத் தொழிற்சாலைக் கழிவு எரிகிறது. முதலாளி லாரி லாரியாக இறக்குகிறார். ஓட்டல் விரிப்பை வெளுக்க ஊரைக் கறுப்படிக்கிறோம். நானும் யோக்கியமில்லை. சாயங்காலம் குப்பை கொளுத்துவது என் இலாகா. பிளாஸ்டிக் பை உருகிச் சொட்டுவதை ரசித்தவள். அம்மாவுக்குக் கொசுவத்தி. இப்போது கொசுவலை வந்தாயிற்று, குப்பை வண்டிக்குப் போகிறது, என் இலாகா பறிபோனது. பாய்லர் மட்டும் பாக்கி. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் வீட்டுக்குள்ளேயே வேறு புகைச்சல்.

நீ பட்டாணியின் புகைப்படம் கேட்டிருந்தாய் அல்லவா? எடுத்தேன். அவள் கையை அட்டையில் வரைந்து வெட்டி, வெள்ளைத் தலையணை உறையில் குத்தி, ஐந்து நாள் மொட்டை மாடியில் போட்டேன். அட்டையை எடுத்தால் சாம்பல் துணியில் வெள்ளையாக ஒரு குட்டிக் கை. கேமராவே இல்லாமல் அசல் புகைப்படம்! அதோடு நிறுத்தினால் நான் நானா? அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன சாக்கில், துவைத்து மடித்த ஓட்டல் உறைகளின் மேல் அதை வைத்து, 'வெண்மைக்கு நாங்கள் உத்தரவாதம்' என்று சீட்டும் ஒட்டிவிட்டு வந்தேன்.

ஓட்டல் மேனேஜர் பார்த்துவிட்டார். முதலாளி குதித்தார். அப்பா குதிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த உறையை விரித்து, "கட்டை விரல் ஏன் வளைஞ்சிருக்கு, வரையத் தெரியலையா?" என்றார். "அவளுக்கு அப்படித்தாம்ப்பா" என்றேன். அடிப்பாரென்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அடித்திருக்கலாம்.

மறுநாள் அவர் கழிவைத் தொடவில்லை. "காஞ்ச விறகு குடுங்க. புகைபோக்கியை ஒசத்தி வடிகட்டி மாட்டுங்க. எரிக்கிறேன்" என்றாராம். முதலாளி மாதக் கடைசி வரை யோசிக்கச் சொல்லி, "இல்லன்னா வேற ஆளு எரிப்பான்" என்றாராம். இன்னும் ஒன்பது நாள். கடிதம் ஏழு நாளில் சேரும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். அப்பா வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறார். அவர் நின்றால் நான் நடக்கிறேன். வேறு ஆள் எரித்தாலும் காற்று இங்கேதானே வரும்?

கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிடு. திட்டாதே. வேலை போனாலும் பரவாயில்லை என்று நீ சொல்லு. அவர் எதிரே அதைச் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

இன்னொன்று. பட்டாணி இப்போது என்னை அம்மா என்கிறாள். சித்தி என்று சொல்லச் சொல்லித் திருத்துகிறேன், சத்தியமாக. ஆனால் மூச்சு இழுக்கும்போது கூப்பிட்டால் திருத்த மனசு வரவில்லை. "என்னடா கண்ணு" என்று சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் வா அக்கா.

இப்படிக்கு,
உன் மகளின் சித்தி.
சித்தி மட்டும்தான்.