விரல் மாமாவின் ஒரு பக்கம்

2 செப்டம்பர் 1963, திங்கள்

ஊருக்குத் திரும்பிப் போகிற வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் தம்முடைய பழைய ரேடியோவையும் வயர்களையும் பெட்டியோடு அத்தாவிடம் தள்ளிவிட்டுப் போனார். அடியில் ஒரு ரெக்கார்டு. அட்டைப்படத்தில் ஒருவர் பெரிய கறுப்புப் பெட்டிக்குப் பல் பிடுங்குகிறவர்போலக் குனிந்திருக்கிறார். பியானோவாம். பாட்டு இல்லை, தபேலா இல்லை, ஒரே ஆள். நூறு வருஷத்துக்கு முந்தைய மெட்டுகளாம். பெயர் வாயில் நுழையவில்லை, விரல் மாமா என்று வைத்துவிட்டேன். மூலையில் 33 என்று போட்டிருக்கிறது. மனுஷனுக்கு இது முப்பத்து மூன்றாவது ரெக்கார்டு போல.

3 செப்டம்பர்

அத்தா வெளியே போனதும் போட்டேன். யா அல்லா, என்ன வேகம்! வளையல் கூடையை மாடிப்படியில் உருட்டிவிட்டு, கடைசிப் படிக்குள் ஒன்றுகூட உடையாமல் பொறுக்கிவிடுகிறார். இரண்டு கையா, நாலா?

நம்முடையது மைக் செட் கடை. பேகம்பூரில் எந்தக் கல்யாணம் என்றாலும் சுக்கூர் சவுண்ட் சர்வீஸ்தான். போன வருஷம் என் படிப்பை நிறுத்தியதிலிருந்து சவுண்ட் அத்தாவுடையது, சர்வீஸ் என்னுடையது. எல்லா வயரையும் நான்தான் ஒட்டுகிறேன். ஒரு ரெக்கார்டு கேட்கக்கூட உரிமை கிடையாதா?

4 செப்டம்பர்

அத்தாவிடம் மாட்டிக்கொண்டேன். “இது பாட்டா, பாத்திரம் உருளுதா?” என்றார். தேய்ந்த ரெக்கார்டுகளை வெந்நீரில் இளக்கிக் கிண்ணம் செய்வது மெஹராஜ் அக்காவின் வேலை. அவளிடம் கொடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். இது நம்ம ஆட்களுக்கு ஏறாது என்றார். ஏறும் என்றேன். யாருக்கு ஏறும் என்றார். எல்லாருக்கும் என்றேன். (என் வாய்க்கும் நிறுத்துகிற லிவர் ஒன்று வைத்திருக்கலாம்.)

கடைசியில் பந்தயம். “அஞ்சு பேரு எந்திரிக்காம ஒரு பக்கத்தை முழுசாக் கேக்கட்டும். நீயே வச்சுக்க. இல்லேன்னா கிண்ணம்.”

சரி என்றேன். தோற்க மாட்டேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

இன்று அடுத்த தெருவில் கல்யாணம். பெண்கள் பக்கத்துக்கு ரெக்கார்டு போடுவது நான். சஹன் சாப்பாட்டில் ஐந்து பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால், எல்லாரும் முடிக்காமல் ஒருவரும் எழ முடியாது. அது மரியாதை. ஐந்து பேர், எழ முடியாது! இதைவிட என்ன வேண்டும்? சோறு வந்ததும் விரல் மாமாவை விட்டேன்.

ஐந்து பேர் என்ன, ஐம்பது பேர் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே அவருடைய வேகத்துக்குச் சாப்பிடவும் ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது சட்டி இறங்குவதற்குள் முதல் பந்தி கை கழுவிவிட்டது. சமையல் பண்டாரி கரண்டியோடு என்னைத் தேடினார்.

அத்தா ஒத்துக்கொள்ளவில்லை. “அவுக உக்காந்தது கறிக்கும்மா, உன் ஆளுக்கு இல்ல.” அது நிஜம்தான். இருந்தாலும் ஒரு வாய் சிரித்தார், பார்த்தேன்.

11 செப்டம்பர்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

சாயங்காலம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் மோட்டாரை ஓட்டினார்கள். வழக்கம்போல நம் பல்பு மங்கியது, ரெக்கார்டும் மெல்லச் சுற்றியது. விரல் மாமா தடுமாறினார். தடுமாறினாரா? இல்லை — நடந்தார். ஓடிக்கொண்டிருந்த ஆள் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தது மாதிரி இருந்தது.

33 என்பது எத்தனையாவது ரெக்கார்டு என்பதில்லை. வேகம்! நம் மெஷினில் வேகத்தை மாற்ற ஒரு லிவர் உண்டு. வயர்மேன் மொக்கைச்சாமி அண்ணன் ஒரு கல்யாணத்தில் அதை மாற்றிவிட்டுப் பாட்டை ஒப்பாரி ஆக்கியதால், அத்தா அதை 78-இலேயே கம்பி சுற்றிக் கட்டிவைத்துவிட்டார். நம்மிடம் இருப்பதெல்லாம் 78தானே. கம்பியை வெட்டினேன். 33-க்குத் தள்ளினேன்.

இடது கை ஏதோ கேட்கிறது. வலது கை உடனே பதில் சொல்வதில்லை. அந்த இடைவெளிக்காகவே ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்தேன். நான் இத்தனை நாள் புகழ்ந்தது வேறு யாரையோ.

12 செப்டம்பர்

ஒரு சிக்கல். 78-இல் ஒரு பக்கம் பத்தே நிமிஷம். யாரையும் உட்கார வைத்துவிடலாம், ஜெயித்துவிடலாம். சரியான வேகத்தில் இருபதைத் தாண்டுகிறது.

குறுக்கு வழியில் போகாத ஆளா நான்? ஆனால் இதில் போக மாட்டேன். தோற்றாலும் அவர் அவராகவே தோற்கட்டும்.

15 செப்டம்பர், ஞாயிறு

அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுக் காதர் பீவி மாமி, அவர் மகள் நர்கீஸ், வாசலில் மொக்கைச்சாமி அண்ணன். ஐந்து. அத்தா முன்கடையில் ஹாரனைக் கழற்றி வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காததுபோல் இருந்தார்.

பாதியில் மாமி, “ஏ புள்ள, இதுல பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்றார். ஆரம்பித்து நேரமாகிறது என்றேன். அடுப்பில் பால் இருக்கிறதென்று எழுந்துவிட்டார். நர்கீஸும் பின்னால் போனாள். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே கடைசிவரை இருந்தாள். அக்கா அசையவில்லை. அண்ணன் தூங்கிவிட்டார். தூங்குகிறவர் எழுந்து போகவில்லையே என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

தோற்றுவிட்டேன். அழவில்லை. நானே அக்காவிடம் கொடுத்தேன். வாங்கி அலமாரியில் வைத்தாள். அடுப்பு காலியாக இல்லையாம்.

18 செப்டம்பர்

அடுப்பு இன்றும் காலியாக இல்லையாம். மெஹராஜ் அக்கா வாழ்க.

22 செப்டம்பர், ஞாயிறு

காலையில் அலமாரியில் அட்டை மட்டும் இருந்தது. உள்ளே ரெக்கார்டு இல்லை. அக்காவைப் பிடித்து உலுக்கினேன், கிண்ணத்தைக் காட்டுடி என்று கத்தினேன். நான் தொடவே இல்லை என்று அழுதாள். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊருக்கே ஏறாவிட்டால் என்ன, எனக்கு ஏறியதே! அதை எந்த வெந்நீரில் போட்டு இளக்குவார்கள்?

பொழுது சாய அத்தா நிலக்கோட்டைக் கல்யாணத்திலிருந்து வந்தார். பெட்டியைத் திறந்து, தன் வெள்ளைத் துண்டில் சுற்றியிருந்த ரெக்கார்டை எடுத்து நீட்டினார். ஏன் கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன். வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“பந்தியெல்லாம் முடிஞ்சு, செத்த நேரம் சும்மா கெடந்துச்சு. முப்பத்து மூணுல போட்டேன். ஒரு ஆளு எந்திரிச்சுப் போகல.”

“எத்தனை பேரு இருந்தாக அத்தா?”

“நான்தான்.”